லைசென்ஸ் எடுக்கப் போனால் வாக்காளர் பட்டியலில் பெயர்: குடியுரிமை இல்லாதவர்கள் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

கேள்வி இதுதான். அமெரிக்காவில் பல மாநிலங்களில் டிரைவிங் லைசென்ஸ் எடுக்கவோ புதுப்பிக்கவோ போனாலே வாக்காளர் பட்டியலில் பெயர் தானாகச் சேர்ந்துவிடுகிறதாமே, அப்படியென்றால் குடியுரிமை இல்லாதவர்களின் பெயரும் சேர்ந்துவிடாதா? எச்-1பி வேலை விசாவிலோ, நிரந்தரமாக வசிக்க உரிமை தரும் கிரீன் கார்டிலோ இருக்கும் நம் ஆட்களுக்கு இதனால் ஏதாவது சிக்கல் வருமா?

சேரக் கூடாது என்பதுதான் சட்டம். ஆனால் சில மாநிலங்களில் சில சமயம் சேர்ந்திருக்கிறது. எண்ணிக்கை மிகக் குறைவு. ஆனால் அந்தச் சிலரில் நீங்களும் ஒருவர் என்றால், தவறு செய்தது அரசு அலுவலகமாக இருக்கும், அதற்கான விலையைக் கொடுப்பது நீங்களாக இருக்கும். இந்த விஷயத்தில் என்னை உறுத்துவது இதுதான். தொலைக்காட்சியில் இதைப் பேசுகிறவர்கள் தேர்தல் முடிவைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். ஒரு கிளார்க் தவறான பட்டனை அழுத்தியதால் குடியுரிமை விண்ணப்பம் தொங்கலில் நிற்கும் குடும்பத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல வருடங்களாக நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் குடியுரிமைப் படிவம் நிரப்ப உதவி வருகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. இருந்தாலும் இந்தப் பயத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வாக்காளர் பட்டியல் தயாரிப்பது தேர்தல் ஆணையத்தின் வேலை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு தேடி வருவார். அமெரிக்காவில் அப்படி யாரும் வருவதில்லை. நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் என்பதும் கிடையாது. பதிவு செய்வது குடிமகன் பொறுப்பு. வீடு மாறினால் முகவரியைத் திருத்த வேண்டும், மாநிலம் மாறினால் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம், தனிக் கடைசித் தேதி. வேலைக்காக அடிக்கடி இடம் மாறும் இந்த நாட்டில் இதில் கோட்டை விடுகிறவர்கள் ஏராளம். தேர்தலன்று வரிசையில் நின்று, முறை வந்ததும் 'உங்கள் பெயர் பட்டியலில் இல்லை' என்று கேட்டுத் திரும்புவது இங்கே சாதாரணமாக நடக்கிற விஷயம்.

இதைக் குறைக்கத்தான் 1993-ல் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம் வந்தது. அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தை எல்லோரும் 'மோட்டார் வோட்டர்' சட்டம் என்பார்கள். லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம், அதாவது நாம் டிஎம்வி என்று சொல்லும் இடம், 'வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா?' என்று வருகிறவரிடம் கேட்டாக வேண்டும். ஆனால் 'ஆமாம்' என்று நீங்கள் சொன்னால்தான் பதிவு. 2015 மார்ச்சில் ஓரிகன் மாநிலம் இதைத் தலைகீழாக மாற்றிச் சட்டம் போட்டது. 'வேண்டாம்' என்று சொன்னால் ஒழிய பதிவுதான். 2016 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்து, அந்த வருட நவம்பர் தேர்தலுக்குள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிச் சேர்ந்தார்கள். இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவத்தில் இது இருக்கிறது. பெயர் சேர்ப்பது மட்டும் இதன் பயன் இல்லை. லைசென்ஸில் முகவரி மாற்றினால் வாக்காளர் பட்டியலிலும் மாறிவிடுவதால் பழைய, செத்த முகவரிகள் குறைகின்றன. பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்களும் வரவேற்க வேண்டிய அம்சம் இது.

சரி, குடியுரிமை இருக்கிறதா இல்லையா என்பதை யார், எங்கே முடிவு செய்கிறார்கள்? இதில் இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, கேள்வி கேட்கும் வழி. லைசென்ஸ் விண்ணப்பத்திலோ கவுண்டரில் இருக்கும் சின்னத் திரையிலோ 'நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?' என்று வரும். 'ஆமாம்' என்றால் அடுத்து 'பதிவு வேண்டாம் என்றால் இங்கே அழுத்துங்கள்' என்று வரும். கலிஃபோர்னியா இப்படித்தான். இன்னொன்று, ஆவணத்தைப் பார்த்து முடிவு செய்யும் வழி. நீங்கள் அமெரிக்கப் பாஸ்போர்ட்டையோ அமெரிக்கப் பிறப்புச் சான்றிதழையோ காட்டியிருந்தால் உங்கள் விவரம் தேர்தல் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து வீட்டுக்குக் கடிதம் வரும், வேண்டாமென்றால் திருப்பி அனுப்பலாம். ஓரிகன் தொடங்கியபோது அதற்கு 21 நாள் அவகாசம் கொடுத்தது. கிரீன் கார்டோ வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோ காட்டியவரிடம் ஓட்டுப் பேச்சே எடுப்பதில்லை.

எனக்கு இரண்டாவது வழிதான் மேல் என்று படுகிறது. முதல் வழியில் ஒரு டிக் தவறினால், அந்தத் தவறு உங்கள் கையெழுத்தோடு பதிவாகிறது. இரண்டாவதில் நீங்கள் எதையும் சொல்லவே வேண்டாம். கடைசியில் எல்லாம் 'நீங்கள் என்ன சொன்னீர்கள்' என்பதில்தான் வந்து நிற்கும் என்பதால் இந்த வித்தியாசம் பெரியது.

ஆனால் அந்த இரண்டாவது வழியே ஓரிகனில் 2024-ல் சறுக்கியது. இதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும்.

2021-லிருந்து ஓரிகனில் குடியேற்ற நிலையை நிரூபிக்காமலேயே சாதாரண லைசென்ஸ் வாங்கலாம். அதனால் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டை அடையாளச் சான்றாகக் கொண்டு வருகிறவர்கள் கூடினார்கள். கவுண்டரில் இருப்பவர் அந்தப் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்துவிட்டு, கணினியில் ஒரு பட்டியலிலிருந்து 'இது என்ன ஆவணம்' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் அமெரிக்கப் பாஸ்போர்ட் என்றும் இருக்கும், வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றும் இருக்கும். வெளியே நீண்ட வரிசை, கையில் ஒரு பாஸ்போர்ட், திரையில் ஒரு வரி மாற்றி அழுத்தினால் போதும். ஸ்கேன் செய்த படத்தில் இருப்பது வேறு நாட்டுப் பாஸ்போர்ட், பதிவில் இருப்பது 'அமெரிக்கப் பாஸ்போர்ட்'. அதற்குப் பிறகு யாரும் படத்தைப் பார்ப்பதில்லை. கணினி அந்தப் பதிவை நம்பி விவரத்தைத் தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். பிறப்புச் சான்றிதழ்களிலும் இதே குழப்பம் நடந்தது.

2024 செப்டம்பரில் முதலில் 306 பேர் என்றார்கள். பத்து நாளில் அது 1,259 ஆனது. அடுத்த மாதம் மேலும் 300-க்கு மேல் சேர்ந்தது. பின்னர் தேடியபோது, அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட பசிபிக் தீவுப் பகுதியான அமெரிக்க சமோவாவில் பிறந்த சிலரும் சிக்கினார்கள். அவர்கள் அமெரிக்க தேசத்தவர்கள்தான், ஆனால் சட்டப்படி குடிமக்கள் இல்லை. இத்தனை பேரில் வாக்களித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆளுநர் டினா கோடெக் அக்டோபரில் தானியங்கிப் பதிவை நிறுத்தி வைத்தார். திரையில் எச்சரிக்கை, இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்ப்பது என்ற ஏற்பாடுகளைப் புகுத்தினார்கள். இவை முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டியவை. 2021-ல் லைசென்ஸ் விதி மாறியபோதே, இனி வெளிநாட்டு ஆவணங்கள் அதிகம் வரும் என்பது தெரிந்த விஷயம்தானே? அப்போதே மாதிரிக்குச் சில பதிவுகளை எடுத்து, படமும் பதிவும் ஒத்துப் போகிறதா என்று பார்த்திருந்தால் முப்பது பேரோடு முடிந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓரிகனில் வாக்குப்பதிவு முழுக்கத் தபாலில்தான். பட்டியலில் பெயர் இருந்தால் வாக்குச்சீட்டே வீட்டுக்கு வந்துவிடும். நாட்டுக்குப் புதிதாக வந்த ஒருவர், தான் எதுவும் கேட்காமலே அரசு முத்திரையோடு ஒரு வாக்குச்சீட்டு தன் பெயருக்கு வந்தால் என்ன நினைப்பார்? 'லைசென்ஸ் இருப்பவர்கள் போடலாம் போலிருக்கிறது' என்று நினைக்க வாய்ப்பு இருக்கிறதா இல்லையா? அப்படி நினைத்துப் போட்டவரை மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சட்டம் அந்த அளவுக்கு இரக்கம் காட்டாது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இலினாயில் நடந்தது வேறு மாதிரி. அங்கே 'நான் குடிமகன் இல்லை' என்று திரையில் தெளிவாகப் பதில் சொன்னவர்களின் விவரம்கூட மென்பொருள் கோளாறால் தேர்தல் அலுவலகத்துக்குப் போனது. 2020 ஜனவரியில் வெளியே வந்த எண்ணிக்கை 574. உண்மையைச் சொன்னவர்களுக்கு நேர்ந்தது இது. கலிஃபோர்னியாவில் 2018 ஏப்ரலில் திட்டம் தொடங்கி, செப்டம்பரில் சுமார் 23,000 பேரின் பதிவில் பிழை என்று டிஎம்வி ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம், தகுதியில்லாத சுமார் 1,500 பேர் சேர்ந்திருக்கலாம் என்றது. அதில் குடியுரிமை இல்லாதவர்களும் உண்டு, வேறு காரணத்தால் தகுதி இல்லாதவர்களும் உண்டு.

இந்த மூன்றிலும் யாரும் திருட்டுத்தனமாகப் பட்டியலுக்குள் நுழையவில்லை. கவுண்டரிலோ மென்பொருளிலோதான் பிழை. ஆகவே 'தகுதியில்லாதவர்கள் சேர்கிறார்கள்' என்ற கவலையை வெறும் அரசியல் என்று தள்ளிவிட மாட்டேன். அது நடந்திருக்கிறது. ஆனால் அளவு என்ன? ஜார்ஜியாவில் 2016 முதல் லைசென்ஸ் வழியே தானியங்கிப் பதிவு இருக்கிறது. 2024-ல் அந்த மாநிலம் தன் பட்டியல் முழுவதையும் சோதித்தபோது, சுமார் 82 லட்சம் பேரில் குடியுரிமை இல்லாதவர்கள் 20 பேர். சோதனை நடத்தியவர், தேர்தல்களைக் கவனிக்கும் மாநிலச் செயலராக இருந்த குடியரசுக் கட்சியைச் சேர்ந்த பிராட் ராஃபென்ஸ்பெர்கர். ஜார்ஜியா லைசென்ஸ் கொடுக்கும்போதே சட்டபூர்வ நிலையைச் சரிபார்க்கிறது, அதனால் பிழை குறைகிறது.

இதற்கு எதிர்த் திசையில் போன மாநிலம் கான்சஸ். பதிவு செய்யும்போது குடியுரிமைச் சான்றைக் கையில் கொண்டு வா என்று 2013-ல் ஆரம்பித்தார்கள். விளைவாகச் சுமார் 31,000 பேரின் விண்ணப்பம் தடைபட்டது. பெரும்பாலானவர்கள் சான்று கைவசம் இல்லாத சொந்தக் குடிமக்கள். வழக்கில், ஏறக்குறைய இருபது வருடப் பதிவுகளில் தேடி அரசுத் தரப்பால் காட்ட முடிந்தது 39 பேரைத்தான்.  2018-ல் நீதிபதி ஜூலி ராபின்சன் அந்தச் சட்டத்தை ரத்து செய்தபோது, இருக்கும் சில பதிவுகளும் பெரும்பாலும் குழப்பத்தாலும் அலுவலகப் பிழையாலும் வந்தவை என்றே சொன்னார். மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது.

அப்புறம், டிஎம்வி தரவை வைத்துப் பெயர் சேர்ப்பது மட்டும் நடப்பதில்லை, நீக்குவதும் நடக்கிறது. நம் சமூகத்தில் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

2019 ஜனவரியில் டெக்சஸ் மாநிலச் செயலர் அலுவலகம், குடியுரிமை இல்லாதவர்கள் என்று சந்தேகப்பட வேண்டிய வாக்காளர்கள் சுமார் 95,000 பேர் என்று அறிவித்தது. நாடு முழுக்கப் பரபரப்பு. சில நாட்களிலேயே அதில் சுமார் 25,000 பேர் முறையாகக் குடியுரிமை பெற்றவர்கள் என்று தெரிய வந்தது. எப்படி இந்தக் குளறுபடி? ஒருவர் கிரீன் கார்டைக் காட்டி லைசென்ஸ் எடுக்கிறார். இரண்டு வருடம் கழித்துக் குடியுரிமை பெறுகிறார், ஓட்டுப் பதிவும் செய்கிறார். ஆனால் லைசென்ஸ் காலாவதியாக இன்னும் வருடங்கள் இருப்பதால் டிஎம்வி பக்கம் போகவில்லை. அங்கே அவர் இன்னும் வெளிநாட்டவர்தான். டிஎம்வி பதிவு என்பது நீங்கள் கடைசியாக அங்கே போன அன்று எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மாதிரி, அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அதில் இருக்காது. அந்தப் பழைய விவரத்தை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு 'இதோ பிடித்தோம்' என்றார்கள். வழக்குப் போட்டார்கள், ஏப்ரலில் சமரசம் ஆனது, மே மாதம் அந்தச் செயலர் பதவி விலகினார்.

அரிசோனாவின் கதை இன்னும் யோசிக்க வைப்பது. 2004-ல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் குடியுரிமைச் சான்றைக் கட்டாயமாக்கிய மாநிலம் அது. 1996 அக்டோபருக்குப் பிறகு கொடுத்த லைசென்ஸ் இருந்தால் அதையே சான்றாக ஏற்பார்கள். 2024-ல் பார்த்தால், அதற்கு முன்பே லைசென்ஸ் எடுத்து, பின்னர் தொலைத்துவிட்டு நகல் வாங்கியவர்களுக்கு நகலின் தேதியையே கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது. இப்படிச் சுமார் 2,18,000 பேர் சான்று கொடுக்காமலேயே 'கொடுத்தவர்கள்' ஆகியிருந்தார்கள். இருபது வருடம் யாருக்கும் தெரியவில்லை. இவர்களில் முதலில் தெரிய வந்த சுமார் 98,000 பேர் வழக்கம்போல வாக்களிக்கலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. நாட்டிலேயே கடுமையான விதி வைத்திருந்த இடத்திலும் ஓட்டை இருந்தது அதே லைசென்ஸ் தரவில்தான். விதியை இறுக்கினால் போதும் என்கிறவர்களுக்கும், தானியங்கி என்றாலே பிழை வராது என்கிறவர்களுக்கும் நான் காட்டுவது இந்த உதாரணத்தைத்தான். தரவைச் சரிபார்க்க ஆளும் பணமும் ஒதுக்காமல் எந்தப் பக்கம் போனாலும் இதே கதிதான்.

இனி, தனி மனிதருக்கு என்ன ஆபத்து என்ற கேள்விக்கு வருகிறேன்.

அமெரிக்கக் கூட்டாட்சித் தேர்தலில் குடியுரிமை இல்லாதவர் வாக்களிப்பது குற்றம். ஒரு வருடம் வரை சிறை. 1996-ல் வந்த சட்டங்கள் இதைக் குடியேற்ற விஷயத்திலும் கோர்த்துவிட்டன. சட்டத்துக்கு மாறாக வாக்களித்தால் நாடு கடத்தலாம். 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்று பொய்யாகச் சொன்னாலும் நாடு கடத்தலாம், பிறகு உள்ளே வரவும் நிரந்தரத் தடை. அந்தத் தடையைத் தளர்த்த கிரீன் கார்டுக்காரர்களுக்கு ஏறக்குறைய வழியே இல்லை. இதில் ஒரே ஒரு குறுகலான விலக்கு உண்டு. தாய் தந்தை இருவருமே அமெரிக்கக் குடிமக்களாக இருந்து, 16 வயதுக்கு முன்பே இங்கே நிரந்தரமாக வாழ்ந்து, தானும் குடிமகன்தான் என்று நியாயமாக நம்பியிருந்தால் மட்டும். நம் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு இது பொருந்தாது.

2017-ல் சிகாகோவில் உள்ள ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இது. பெரு நாட்டிலிருந்து வந்து கிரீன் கார்டில் இருந்த ஒரு பெண் இலினாயில் லைசென்ஸ் எடுக்கப் போனார். கவுண்டரில் கிரீன் கார்டையும் பெரு பாஸ்போர்ட்டையும் காட்டினார். எதையும் மறைக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் குடிமகன் என்ற கட்டத்தில் டிக் அடித்தார். வாக்காளராகப் பதிவு செய்யலாமா என்ற பேச்சு வந்தபோது கிளார்க், 'அது உங்கள் விருப்பம்' என்ற பொருளில் ஏதோ சொன்னார். பதிவானது. 2006-ல் இரண்டு முறை வாக்களித்தார். பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது எல்லாம் வெளியே வந்தது. அரசு அதிகாரியே அனுமதித்தார் என்பது அவருடைய வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. கிளார்க் சொன்னது அனுமதி ஆகாது, கட்டத்தில் டிக் அடித்தது நீங்கள் என்றது. நாடு கடத்தும் உத்தரவு நின்றது.

அந்தப் பெண்ணின் கிரீன் கார்டு கிளார்க்கின் கையில் இருந்தது. குடிமகன் இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? அப்படியிருந்தும் அந்தக் கேள்வியை அவர் முன் வைத்த அலுவலகத்துக்கு எந்தத் தண்டனையும் இல்லை. இது அநியாயம் என்று நான் நினைக்கிறேன். குடியுரிமை இல்லை என்று காட்டும் ஆவணத்தைக் கொடுத்தவரிடம் ஓட்டுக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று எல்லா மாநிலங்களும் சட்டம் போட வேண்டும்.

சில மாநிலங்கள் பாதிப் பாதுகாப்பு கொடுக்கின்றன. உதாரணமாக, கலிஃபோர்னியாச் சட்டப்படி, தகுதியில்லாதவர் தன் தவறு இல்லாமல் தானாகப் பட்டியலில் சேர்ந்துவிட்டால், அது அதிகாரபூர்வ அனுமதியோடு நடந்ததாகவே கருத வேண்டும், அவர் மேல் குற்றமில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் உங்களை நாட்டில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது மாநிலம் இல்லை, கூட்டாட்சி அரசு. இலினாய் வழக்கின் நிழல் அங்கேதான் விழுகிறது. அறியாமல் சேர்க்கப்பட்டவரைக் குடியேற்றச் சட்டமும் விட்டுவிட வேண்டும் என்று நாடாளுமன்றம் எழுதாத வரை முழுப் பாதுகாப்பு கிடையாது.

ஆனாலும் பீதி வேண்டாம். அந்தப் பெண் டிக் அடித்தார், வாக்களித்தார். நீங்கள் 'இல்லை' என்று சொல்லியும், அல்லது உங்களிடம் கேட்காமலேயும் பெயர் சேர்ந்திருந்தால், நீங்கள் பொய் சொன்னவர் ஆகமாட்டீர்கள். நிலைமை வேறு. அதைக் காட்ட உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே டிஎம்வி போகும்போது அவசரப்படாதீர்கள். விண்ணப்பத்தில் குடிமகனா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று நீங்களே நிரப்புங்கள், பக்கத்தில் இருப்பவரை நிரப்பச் சொல்லாதீர்கள். மின்னணுப் பலகையில் கையெழுத்துக் கேட்டால், எதற்கான கையெழுத்து என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். பல இடங்களில் லைசென்ஸுக்குப் போட்ட கையெழுத்தே வாக்காளர் பதிவுக்கும் போகும். 'வாக்காளர் பதிவு வேண்டாம், நான் குடிமகன் இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கொடுக்கும் ரசீதையும் விண்ணப்ப நகலையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

அதையும் மீறி வாக்காளர் அட்டையோ வாக்குச்சீட்டோ வீட்டுக்கு வந்தால் கிழித்துப் போடாதீர்கள். அதுதான் உங்கள் முதல் ஆதாரம். கவர், தபால் முத்திரை எல்லாவற்றையும் படம் எடுங்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வாக்களிக்கவே கூடாது. பிறகு உங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகத்துக்கு எழுத்தில், 'நான் குடிமகன் இல்லை, நான் பதிவு கேட்கவில்லை, பெயரை நீக்குங்கள்' என்று அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னால் நீக்கிவிடுவார்கள், ஆனால் நாளைக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. நீக்கியதாகவும், முடிந்தால் இது அலுவலகப் பிழை என்றும் பதில் கடிதம் கேட்டு வாங்குங்கள். கட்டத்தில் தவறாக டிக் அடித்துவிட்டோமோ என்ற சந்தேகம் இருந்தால், அல்லது ஏற்கனவே வாக்களித்துவிட்டிருந்தால், இந்தக் கடிதத்தை அனுப்பும் முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

குடியுரிமைக்கான என்-400 படிவத்தில், அமெரிக்காவில் எந்தத் தேர்தலுக்காவது வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா, வாக்களித்திருக்கிறீர்களா என்ற கேள்வி இருக்கிறது. பெயர் சேர்ந்தது தெரிந்திருந்தும் 'இல்லை' என்று போட்டுவிடலாம் என்று அறிவுரை சொல்கிறவர்கள் உண்டு. கேட்காதீர்கள். அலுவலகப் பிழைக்கு விளக்கம் கொடுக்க முடியும், என்-400-ல் சொன்ன பொய்க்கு முடியாது. விண்ணப்பிக்கும் முன் உங்கள் மாநில வாக்காளர் இணையதளத்தில் பெயரும் பிறந்த தேதியும் போட்டு ஒருமுறை தேடிப் பாருங்கள். இரண்டு மூன்று மாநிலங்களில் இருந்திருந்தால் எல்லாவற்றிலும் தேடுங்கள்.

மேரிலாந்தின் டகோமா பார்க் போன்ற சில ஊர்களில், சான் பிரான்சிஸ்கோவின் பள்ளி வாரியத் தேர்தலில் (அங்கே பிள்ளைகளின் பெற்றோராக இருந்தால்), குடியுரிமை இல்லாதவர்களும் வாக்களிக்கலாம். அதற்குப் பதிவு தனி. அது சட்டபூர்வமானதுதான் என்றாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் சத்தியப்பிரமாணம் முடிந்ததும் இரண்டு வேலை செய்ய வேண்டும். வாக்காளராகப் பதிவு செய்யுங்கள், கூடவே டிஎம்வியிலும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திலும் உங்கள் நிலையைத் திருத்துங்கள். லைசென்ஸ் காலாவதியாகும் வரை காத்திருக்காதீர்கள். 'உங்கள் குடியுரிமை குறித்துச் சந்தேகம், சான்று அனுப்புங்கள்' என்று தேர்தல் அலுவலகக் கடிதம் வந்தால் விளம்பரத் தபாலோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதில் ஒரு கெடு இருக்கும், அதற்குள் பதில் போகாவிட்டால் பெயர் போய்விடும்.

கடைசியாக, வீட்டில் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு. கலிஃபோர்னியா, ஓரிகன் போன்ற மாநிலங்களில் 16 வயதிலேயே வாக்காளராக முன்பதிவு செய்யலாம், முதல் லைசென்ஸ் எடுக்கும்போதே அந்தக் கேள்வி வரும். இரண்டு வயதில் இங்கே வந்து, இங்கேயே படித்து, பள்ளியில் தினமும் கொடிக்கு உறுதிமொழி சொல்லி வளர்ந்த பிள்ளை, தான் அமெரிக்கன் இல்லை என்று ஒரு நாளும் நினைத்திருக்காது. எச்-1பி காரர்களின் குடும்பத்துக்குக் கொடுக்கும் எச்-4 விசா என்றால் என்னவென்றுகூடப் பல பிள்ளைகளுக்குத் தெரியாது. 'குடிமகனா?' என்று திரை கேட்டால் யோசிக்காமல் 'ஆமாம்' என்று அழுத்திவிடும். ஓட்டுநர் தேர்வுக்குக் கூட்டிப்போவதற்கு முந்தைய நாளே உட்கார வைத்து, உன் நிலை இது, இந்தக் கேள்விக்குப் பதில் இது என்று விளக்கிச் சொல்லுங்கள். கவுண்டருக்கு நீங்களும் கூடப் போங்கள். கிரீன் கார்டு இருக்கும் பிள்ளைக்கு 18 வயது முடிவதற்குள் தாயோ தந்தையோ குடியுரிமை பெற்றால், உங்களோடு வசிக்கும் அந்தப் பிள்ளையும் சட்டப்படி தானாகவே குடிமகன் ஆகிவிடும். அப்போது முதலில் அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுங்கள், அதைக் காட்டி டிஎம்வி பதிவைத் திருத்துங்கள், அதன் பிறகு வாக்காளர் பதிவு செய்யட்டும்.